முதல் பரிசு வாங்கும் மகள் தம்பியிடம் ஏன் கடுகடுக்கிறாள்?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. சபையின் ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) வசனப் போட்டி, வினாடி வினா எது வைத்தாலும் மகள்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசு கிடைத்தால் அன்றைக்கு முழுக்க அழுகை, சாப்பிடவும் மாட்டாள். பரிசு இல்லாத வேலை எதைச் சொன்னாலும் அரைகுறைதான். தம்பியை 'மக்கு' என்கிறாள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பிள்ளையை வகுப்பில் கேலி செய்ததாக டீச்சர் சொல்லி அனுப்பினார்கள். 'ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து' என்ற வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறவளும் இவள்தான். 'இயேசப்பா கோபப்படுவார்' என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. எதையும் முழு மனதோடு செய்யவும், மற்றவர்களிடம் அன்பாக நடக்கவும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? போட்டிகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் மகள் வேஷம் போடவில்லை. வசனம் சொன்ன வாயாலேயே தம்பியை 'மக்கு' என்பது பெரியவர்களுக்கு முரணாகத் தெரியும். 9 வயதுப் பிள்ளைக்கு அவை இரண்டும் வெவ்வேறு வேலை. ஒப்பிப்பதற்குப் பரிசு உண்டு. தம்பியிடம் தன்மையாகப் பேசினால் அதை யாரும் கவனித்ததாகக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அதோடு, நன்றாகச் செய்வது என்றால் அடுத்த பிள்ளையைவிட நன்றாகச் செய்வது என்றே அவள் மனதில் பதிந்திருக்கிறது. அப்படிப் பதிந்துவிட்டால் மெதுவாக வாசிக்கிறவள் இளக்காரமாகிவிடுவாள், முந்துகிறவள் எதிரியாகிவிடுவாள். இரண்டாம் பரிசுக்கு அழுவதும் எழுத்துக்கூட்டும் பிள்ளையைக் கேலி செய்வதும் இந்த ஒரே கணக்கிலிருந்து வருகிறவை.

அதனால் முழு மனதோடு செய்வதையும் அன்பாக நடப்பதையும் இரண்டு பாடமாக நடத்தாதீர்கள். ஒரு வேலையை அவள் கடைசிவரை திருத்தமாகச் செய்ய வேண்டும். அந்த வேலையின் பலன் இன்னொருவரைப் போய்ச் சேர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் நடத்திப் பாருங்கள்.

வேதத்தில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் லூக்கா 10-ஆம் அதிகாரம், கள்ளர் அடித்து வழியில் போட்டுப்போன ஒருவனுக்கு உதவிய நல்ல சமாரியன். பிள்ளைகளுக்கு இதை 'அவர் நல்லவர், உதவி செய்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தால் ஒன்றும் தங்காது. செய்த வேலைகளை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். கண்டார். மனதுருகினார். கிட்ட வந்தார். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தார். கட்டினார். தன் சொந்த வாகனத்தில் ஏற்றினார். சத்திரத்துக்குக் கொண்டுபோனார். பராமரித்தார். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தார். அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றார். இரண்டு கை விரலும் நிறைந்துவிடும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "காயத்தைக் கட்டியதோடு அவர் கிளம்பிப் போயிருந்தால் அந்த ஆள் என்ன ஆகியிருப்பார்?" பதிலை அவளே சொல்லட்டும். வேலையைப் பாதியில் விடாமல் முடிப்பதும் தயவும் ஒன்றாகவே இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே நாளில் இதற்குமேல் எதையும் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வாரம் மத்தேயு 25-ல் தாலந்து உவமையை எடுங்கள். எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்து என்ற பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயணம் போகிறார். ஐந்து தாலந்துக்காரன் இன்னும் ஐந்து சம்பாதித்தான், இரண்டு தாலந்துக்காரன் இன்னும் இரண்டு சம்பாதித்தான். 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் அவளையே அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எஜமான் இருவரிடமும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்: 'நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே.' முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று அங்கே பிரிக்கவில்லை. இதை நீங்கள் விளக்க வேண்டாம். 'இரண்டுக்கும் என்ன வித்தியாசம், கண்டுபிடி' என்று கேளுங்கள். வித்தியாசத்தைத் தேடிப் பார்த்து இல்லையென்று அவளே கண்டுபிடிப்பதுதான் பாடம்.

இனி வீட்டு வேலை. 'வீட்டு வேலை செய்' என்று பொதுவாகச் சொன்னால் அரைகுறைதான் கிடைக்கும், ஏனென்றால் எது முழுசு என்று அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு வேலையை எடுங்கள். நான் பரிந்துரைப்பது அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவது. மூடியின் உள்பக்கம் இருக்கும் ரப்பர் வளையத்தை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுக்க வேண்டும். வளையம் உட்காரும் பள்ளத்தில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருக்கும்; பழைய பல் பிரஷால் ஒருமுறை சுற்றித் தேய்க்க வேண்டும். வளையத்தைத் தனியாகக் கழுவி, டப்பாவைக் கவிழ்த்துக் காயவைத்து, காலையில் வளையத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்கள் செய்ய அவள் பார்க்கட்டும். அடுத்த இரண்டு நாள் அவள் செய்ய நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஐந்தாம் நாள் தனியாக.

இந்த வேலையை ஏன் சொல்கிறேன் என்றால், வளையத்துக்குக் கீழே இருக்கும் அழுக்கு வெளியே தெரியாது. யாரும் பார்க்கமாட்டார்கள், மார்க் போடமாட்டார்கள். மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 3-ஆம் அதிகாரம் சொல்வதை ஒரு பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கிற இடம் அந்தப் பள்ளம்தான். முதல் வாரம் வசனத்தைச் சொல்லாதீர்கள். வேலை கைக்குப் பழகிய பிறகு, அவள் வளையத்தைக் கழற்றும்போது ஒருமுறை சொன்னால் போதும்.

மூன்றாம் வாரத்தில் தம்பியின் டப்பாவை அவளிடம் கொடுங்கள். கட்டளையாக வேண்டாம். "அவன் கைக்கு வளையம் வரமாட்டேங்குது, நீ பாத்துக்கிறியா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிட்டு நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். ஒத்துக்கொண்டால், அவள் கழுவிய டப்பாவில் தம்பி சாப்பிடுகிறான் என்பது மட்டும் அவள் காதில் விழும்படி செய்யுங்கள்: "இன்னைக்கு டப்பாவுல நாத்தமே இல்லைன்னு சொன்னான்." உண்மையாக அவன் சொல்லியிருந்தால் மட்டும். இட்டுக்கட்டினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாராட்டுகிற விதத்தை மாற்றாமல் இது எதுவும் நிலைக்காது. 'நீ ரொம்ப புத்திசாலி' என்ற வார்த்தையை இன்றோடு நிறுத்துங்கள். கரோல் டுவெக் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவுக்காகவும் சிலரை உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். எடுத்த மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். புத்திசாலி என்ற பட்டம் போய்விடுமோ என்ற பயம் அது. உங்கள் மகள் இரண்டாம் பரிசுக்கு அழுவதில் அதே பயம் இருக்கிறது. பட்டத்துக்குப் பதிலாகக் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மூணாவது வரியில தடுமாறின, விடாம திரும்ப ஆரம்பிச்ச." "டப்பாவைக் கவிழ்த்து வெச்சிருக்க, தண்ணி வடிஞ்சிருக்கு." இவ்வளவு போதும். 'பரவாயில்லையே, இன்னைக்காவது செஞ்சியே' என்று வால் ஒட்டினால் பாராட்டு அங்கேயே செத்துவிடும்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973-ல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நர்சரிப் பள்ளியில், படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய பிள்ளைகளைக் கவனித்தார்கள். சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்கென்று வரைந்தவர்கள் படம் வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆகவே 'தம்பிகிட்ட சண்டை போடாம இருந்தா சாயங்காலம் ஐஸ்' என்ற பேரத்தை விட்டுவிடுங்கள். அன்புக்கு விலை வைத்தால் ஐஸ் இல்லாத நாளில் அன்பும் இருக்காது. நினைத்துக்கொண்டு ஒருநாள் எல்லோருமாகப் போய் ஐஸ் சாப்பிடுவதில் தவறே இல்லை.

'இயேசப்பா கோபப்படுவார்' என்று சொன்னதைப் பற்றி. பயத்தால் வருகிற நல்ல நடத்தை, பார்க்கிற ஆள் இருக்கும்வரைதான். ஆண்டவரையே போலீஸ்காரராக்கிவிட்டால் பிள்ளை தப்பை மறைக்கப் பழகும், ஜெபத்தில்கூட உண்மையைச் சொல்லாது. 'அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்' என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறாரே, அந்த 'முந்தி'தான் வரிசை. தப்பு செய்த அன்றைக்கும் அவள் நேசிக்கப்படுகிறாள் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் திருத்தம்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. குடும்ப ஜெபத்தில் பிள்ளை கேட்கும்படியாக, 'ஆண்டவரே, இவளுக்கு நல்ல புத்தியைக் கொடும், தம்பியை அடிக்காதபடி செய்யும்' என்று வேண்டுவது. நாம் ஜெபிக்கிறோம் என்று நினைக்கிறோம்; பிள்ளைக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் திட்டு. திட்டுவது அம்மா என்றால் எதிர்த்துப் பேசலாம், ஜெபத்தை எதிர்க்க முடியுமா? உள்ளே கசந்துபோகும். அவளுக்காக நீங்கள் தனியாக அழுது ஜெபியுங்கள். அவள் முன்னால் உங்கள் கோபத்துக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபியுங்கள், அவள் செய்த ஒரு நல்ல காரியத்துக்காக நன்றி சொல்லுங்கள். 6 வயதுப் பையனும் இருப்பதால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள்: ஒரு பாட்டு, ஆறேழு வசனம், ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் சின்னவன் தூங்கிவிழுவான், அதற்காக ஒரு சத்தம் நடக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு மணிக்கே வைத்துவிடுங்கள்.

தம்பியோடு சண்டை வந்த அன்று என்ன செய்வது? 'சாரி சொல்லு' என்று பிடித்துத் தள்ளாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லும் சாரியால் இருவருக்கும் பயனில்லை. தம்பியின் பனையோலைக் காத்தாடியை அவள் பிய்த்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருவரையும் பிரித்து, மூச்சு ஆறும்வரை ஒரு பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு, ஏன் செய்தாய் என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேளுங்கள். 'ஏன்' என்றால் சாக்கு வரும், 'என்ன' என்றால் நடந்தது வரும். அடுத்து தம்பியின் முகத்தைப் பார்த்து, "உனக்கு இப்ப என்ன வேணும்?" என்று அவளே கேட்க வேண்டும். பெரும்பாலும் அவன் வேறு காத்தாடி வேண்டும் என்பான். அவள் ஓலை கிழித்து, இரண்டு துண்டையும் கோத்து, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, சுற்றுகிறதா என்று ஊதிப் பார்த்துக் கொடுக்கட்டும். சுற்றாவிட்டால் திரும்பச் செய்யட்டும். இங்கேயும் அரைகுறை கூடாது. மன்னிப்புக் கேட்பதும் ஜெபிப்பதும் கடைசியில். அந்த நேரத்தில் வார்த்தை தானாக வரும், வராவிட்டாலும் காத்தாடி பேசிவிட்டது.

வகுப்பில் கேலி செய்யப்பட்ட பிள்ளையின் காரியம் இதைவிடப் பாரமானது, ஏனென்றால் அந்தப் பிள்ளை இன்னொரு வீட்டின் பிள்ளை. டீச்சரிடம் நீங்கள் நேரில் போய்ப் பேசுங்கள். மகளை எல்லோர் முன்னும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டாம். அதில் வெட்கப்படுவது கேலிக்குள்ளான பிள்ளையும்தான். இருவரையும் சேர்த்து ஒரு வசனம் கொடுக்கச் சொல்லுங்கள். எபேசியர் 4:32-ஐயே எடுக்கலாம். அதை மூச்சு நிற்கிற இடத்தில் நான்காக வெட்டுங்கள்: 'ஒருவருக்கொருவர் தயவாயும்' / 'மனஉருக்கமாயும் இருந்து' / 'கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல' / 'நீங்களும் ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்'. கடைசித் துண்டிலிருந்து தொடங்கி முன்னால் வந்தால், சொல்லச் சொல்ல தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்பதால் தடுமாறும் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

இங்கே கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் மகள் டீச்சராக மாறிவிடுவாள். 'தப்பு, தப்பு, நான் சொல்றேன் பாரு' என்பாள். அதனால் முன்கூட்டியே ஒரு விதி: கேட்கிறவள் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது, மற்றவள் உதவி கேட்டால் மட்டும் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம், அடுத்ததைக் கொடுக்கக் கூடாது. அதோடு, அந்தப் பிள்ளையிடமிருந்து உங்கள் மகள் கற்றுக்கொள்ளவும் ஏதாவது இருக்க வேண்டும்: பாட்டு மெட்டு, குருத்தோலையில் சிலுவை மடிப்பது, எதுவாக இருந்தாலும். உதவி ஒரே பக்கம் ஓடினால் அது தயவாக நிற்காது, மேட்டிமையாகிவிடும். இதே காரணத்துக்காகத்தான், 'நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்' என்று இல்லங்களுக்கும் விசேஷப் பள்ளிகளுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகள் நம் வீட்டுக்குப் பாடப்புத்தகம் அல்ல.

கொடுப்பதைப் பழக்க, நம் சீமையிலேயே ஆகிவந்த வழிகள் இருக்கின்றன. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் பிடி அரிசிக் காணிக்கையை உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். 1903-ல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஆட்களையே நம் காசில் தெலுங்கு நாட்டு டோர்ணக்கல் பக்கம் அனுப்பியதும் இப்படிக் கொடுத்துப் பழகிய ஜனங்களால்தான். பிடி அரிசியில் பிள்ளை பார்க்க வேண்டியது, அது சோறு மிஞ்சிய பிறகு எடுப்பதில்லை, உலை வைக்கும் முன்னே எடுப்பது. அந்தப் பிடியை அவள் கையால் எடுக்கட்டும்.

அறுப்பின் பண்டிகைக்கு அவளே ஒன்றை விளைவித்துக் கொண்டுபோவது இன்னும் நல்லது. வெண்டை எளிது. உங்கள் பக்கத்துத் தேரி மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் பழைய சாக்கில் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய சாணம் கலந்து, அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு விரற்கடை ஆழத்தில் இரண்டிரண்டாக ஊன்றி, முளைத்தபின் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். 45 முதல் 50 நாளில் முதல் காய் வரும். உங்கள் சபையின் பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி அறுபது நாள் எண்ணி விதைத்தால் சரியாக இருக்கும். காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நார் விழும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். பண்டிகைக்கு எதைக் கொண்டுபோவது, வீட்டுக்கு எதை வைத்துக்கொள்வது என்று அவளே பிரிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். தண்ணீர் ஊற்ற மறந்த நாளில் நீங்கள் இரகசியமாக ஊற்றிக் காப்பாற்றவும் வேண்டாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் 'அக்கா மாதிரி நீயும் பிரைஸ் வாங்குடா' என்று தம்பியிடம் சொன்னால், அந்த இடத்திலேயே மரியாதையாகப் பேச்சை மாற்றிவிடுங்கள். அவன் மேல் அவளுக்கு இருக்கிற கடுகடுப்பில் பாதி இந்தப் பேச்சால் வளர்ந்தது.

அழுகை ஒருநாளோடு நிற்காமல், போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் போவது, வாந்தி, அடிக்கடி வயிற்றுவலி, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இவையெல்லாம் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைசியாக, போட்டிகளை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அவளுக்கு அது தண்டனையாகத்தான் படும். அடுத்த போட்டிக்கு முன்னால் அவளிடம் ஒன்றை ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள்: தன் வசனத்தைச் சொல்லி முடித்த பிறகு, மற்ற பிள்ளைகள் சொல்வதைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும், அதில் நன்றாகச் சொன்ன ஒருவரிடம் போய், எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். திரும்பி வரும் வழியில் 'என்ன பிரைஸ்?' என்று நீங்களும் கேட்காதீர்கள், அவளுடைய அப்பாவும் கேட்கக் கூடாது. "யார்கிட்ட போய்ச் சொன்ன, என்ன சொன்ன?" என்று கேளுங்கள். முதல் முறை அவள் மறந்திருப்பாள், இல்லையென்றால் வேண்டுமென்றே சொல்லாமல் வந்திருப்பாள். ஒன்றும் சொல்லாதீர்கள். அடுத்த போட்டிக்கும் இதையே கேளுங்கள்.